பாரி ஹைன்ஸ்: சுரங்க ஊரின் எழுத்தாளர், தொலைக்காட்சியின் எழுத்தாளர்

பாரி ஹைன்ஸ் என்ற பெயரைச் சொன்னால் பிரிட்டனிலேயே பலர் ஒரு நொடி யோசிப்பார்கள். 'கெஸ்' என்று சொன்னால் யோசிக்கமாட்டார்கள். கையுறையில் பறவையோடு நிற்கும் ஒல்லிப் பையனின் முகம் உடனே நினைவுக்கு வந்துவிடும். 1969இல் வெளியான அந்தப் படத்தை இயக்குநர் கென் லோச்சின் படம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அதன் மூலநாவலை எழுதியவரும் திரைக்கதையில் பங்கு கொண்டவரும் ஹைன்ஸ். பதினைந்து ஆண்டுகள் கழித்து, அணு ஆயுதத் தாக்குதலில் ஷெஃபீல்டு நகரம் அழிவதைக் காட்டிய 'த்ரெட்ஸ்' தொலைக்காட்சிப் படத்தை எழுதியவரும் அவர்தான். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

நாவலாசிரியராகத் தொடங்கித் தொலைக்காட்சிக்கு எழுதப் போனவர்களைப் பற்றி விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: திரை அவர்களுடைய உரைநடையைத் தின்றுவிட்டது என்பார்கள். ஹைன்ஸின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்தால் அந்தக் கூற்று நிற்கவில்லை. அவரிடம் நாவலாசிரியர் ஒருவர், திரைக்கதையாளர் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லை. ஒரே எழுத்து சில சமயம் புத்தகமாகவும் சில சமயம் படமாகவும் வந்தது. அந்த எழுத்து வெளியே வருவதற்குச் சில பொதுக் கதவுகள் திறந்திருந்தன. அவை ஒவ்வொன்றாக மூடியபோது அவருடைய வேகம் குறைந்தது. இதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தேர்வில் தேறிய அண்ணன், தேறாத தம்பி

ஹைன்ஸ் பிறந்தது 1939 ஜூன் 30 அன்று, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பார்ன்ஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹாய்லாண்ட் காமன் என்ற சுரங்க ஊரில். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தெருவில் பெரும்பாலான வீடுகளின் நிலையும் அதுதான். பையன்கள் பள்ளியை முடித்ததும் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். வேறு வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை ஒட்டி இங்கிலாந்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்தார்கள். தேறியவர்கள் கிராமர் பள்ளிக்குப் போனார்கள்; அங்கிருந்து கல்லூரிக்கும் அலுவலக வேலைக்கும் வழி இருந்தது. தேறாத பெரும்பான்மைப் பிள்ளைகள் செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆலைக்கோ சுரங்கத்துக்கோ போனார்கள். ஹைன்ஸ் தேறி எக்லஸ்ஃபீல்டு கிராமர் பள்ளியில் சேர்ந்தார். தம்பி ரிச்சர்ட் தேறவில்லை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், நாட்டின் இரண்டு பாதைகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. ஹைன்ஸின் மிகப் புகழ்பெற்ற நாவலில் வரும் பையன் அண்ணனின் பாதையில் போனவன் அல்லன், தம்பியின் பாதையில் போனவன். பறவை வளர்த்ததும் தம்பிதான். ஊருக்கு அருகே டாங்கர்ஸ்லியில் இடிந்து கிடந்த பழைய மாளிகைச் சுவரில் கூடு கட்டிய கெஸ்ட்ரல் குஞ்சை எடுத்து வந்து, புத்தகம் பார்த்துப் பழக்கியவர் ரிச்சர்ட். கெஸ்ட்ரல் என்பது வல்லூறு இனத்தில் சிறியது. காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே இரை தேடும் பறவை.

படிப்பிலும் ஹைன்ஸின் பாதை நேராகப் போகவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டு நிலக்கரி வாரியத்தில் சர்வேயர் பயிற்சிக்குச் சேர்ந்தார். சுரங்கத்தில் வேலை முடித்து வந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர், இதைவிட நல்ல வேலை உனக்குக் கிடைக்கவில்லையா என்று கண்டித்ததாகவும், அதற்குப் பிறகே மறுபடி பள்ளிக்குப் போனதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். பிறகு லஃப்பரோ கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி. லண்டனில் சிறிது காலம், அதன் பின் பார்ன்ஸ்லியில் வேலை. மாணவர்கள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதினார். அவர் நல்ல கால்பந்து ஆட்டக்காரரும்கூட. 1966இல் வந்த முதல் நாவல் 'தி பிளைண்டர்' கால்பந்துத் திறமையுள்ள ஒரு பள்ளி மாணவனைப் பற்றியது. சுமாரான நாவல்தான். மைதானத்தை எழுதும் இடங்களில் மட்டும் உயிர் துள்ளும்.

வானொலி கொடுத்த ஓராண்டு

முதல் நாவலுக்கு முன்பே வானொலி அவரை அழைத்திருந்தது. பிபிசியின் வடக்கு இங்கிலாந்துப் பிரிவில் ஆல்ஃபிரட் பிராட்லி என்ற தயாரிப்பாளர் இருந்தார். புதிய எழுத்தாளர்களைத் தேடிப் பிடிப்பதையே வேலையாகக் கொண்டவர். ஹைன்ஸின் முதல் வானொலி நாடகம் 'பில்லிஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்' அந்த வழியாகத்தான் ஒலிபரப்பானது. இரண்டே பாத்திரங்கள். வீட்டு வாசலில் கொட்டிய நிலக்கரியை அள்ளிப்போட்டுப் பிழைக்கும் கிழவர் ஒருவர்; அந்தத் தொழிலைப் 'பெருக்கிக் காட்டுகிறேன்' என்று வந்து சேரும் இன்னொருவர்.

இந்தச் சமயத்தில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் டோனி கார்னெட் அவரைத் தொடர்புகொண்டு பிபிசியின் 'வெட்னஸ்டே பிளே' வரிசைக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னார். புதிய எழுத்தாளருக்கு அது பெரிய வாய்ப்பு. ஹைன்ஸ் மறுத்தார். மனத்தில் ஒரு நாவல் இருக்கிறது, அதை முதலில் முடிக்க வேண்டும் என்றார். பிராட்லியின் முயற்சியால் பிபிசி உதவித்தொகை கிடைத்தது. பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு இத்தாலியின் எல்பா தீவுக்குப் போனார். பார்ன்ஸ்லியின் பனியும் கரியும் நிறைந்த அந்த நாவலின் பெரும்பகுதியை மத்தியதரைக்கடல் தீவில்தான் எழுதினார். மறுத்தது எவ்வளவு சரி என்பது பின்னால் தெரிந்தது. கார்னெட் நாவலைப் படித்ததும் அதையே படமாக்க முன்வந்தார்.

ஒரு ஒலிபரப்பு நிறுவனம் தனக்கு நாடகம் எழுத மறுத்தவர் நாவல் எழுதுவதற்குப் பணம் கொடுத்தது என்பது இன்று நம்ப முடியாததுபோல் இருக்கிறது. கிராமர் பள்ளி, அரசு செலவில் ஆசிரியப் பயிற்சி, வானொலியின் வட்டாரப் பிரிவு, இந்த உதவித்தொகை ஆகிய நான்கில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அடுத்து வந்த புத்தகம் வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஹைன்ஸின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அதே திறமையோடு பிறந்து அந்தத் தேர்வில் தவறிய பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வியைத்தான் அவருடைய நாவலே கேட்கிறது.

பில்லி காஸ்பரின் ஒரு நாள்

'கெஸ்' படத்துக்கு மூலமான, 1968இல் வந்த 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்' நாவலின் தலைப்பு 1486ஆம் ஆண்டின் செயின்ட் ஆல்பன்ஸ் நூலிலிருந்து எடுத்தது. யார் எந்த வேட்டைப் பறவையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்நூலில் ஒரு வரிசை உண்டு: பேரரசருக்குக் கழுகு என்று தொடங்கி அந்தஸ்து இறங்க இறங்கப் பறவையும் சிறுத்துக்கொண்டே போகும். 'நேவ்' எனும் கடைநிலை ஆளுக்குரியதாக ஹைன்ஸின் தலைப்பு சொல்வது கெஸ்ட்ரல்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. இடையிடையே பழைய நாட்கள் வந்து போகின்றன. அத்தியாயப் பிரிவு கிடையாது. விடியுமுன் குளிரில் தொடங்குகிறது; ஒரே கட்டிலில் படுத்திருக்கும் அண்ணன் ஜட் சுரங்கத்துக்கு எழ வேண்டும், தம்பி பில்லி காஸ்பர் செய்தித்தாள் போட எழ வேண்டும். அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டவர். பில்லிக்குப் படிப்பு வராது என்று பள்ளி முடிவுகட்டிவிட்டது. ஆனால் தோட்டக் கொட்டகையில் அவன் கெஸ் என்று பெயரிட்ட ஒரு கெஸ்ட்ரலைப் பழக்கி வைத்திருக்கிறான். பழைய புத்தகக் கடையில் திருடிய நூல்தான் அவனுடைய ஆசான்.

உரைநடையைக் கவனித்தால், பாத்திரங்களின் மனத்துக்குள் ஹைன்ஸ் நுழைவதே அரிது என்பது தெரியும். கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது, வாய் என்ன சொல்கிறது, அவ்வளவுதான். தீப்பெட்டியை எடுப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, இறைச்சித் துண்டை நறுக்குவது எல்லாம் படிப்படியாக, அவசரமில்லாமல் வரும். படம் எடுப்பதற்காக எழுதியதுபோல் இருக்கிறது என்று சிலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. பில்லியைப் போன்ற பையன் தன் உணர்ச்சிகளை வாக்கியமாக்கிச் சொல்பவன் அல்லன். அவனுக்குப் பதிலாக எழுத்தாளர் அழகாகச் சொல்லிவிட்டால் அந்தப் பையன் பொய்யாகிவிடுவான்.

வருகைப் பதிவு எடுக்கும் காட்சி ஒன்று போதும். ஆசிரியர் வரிசையாகப் பெயர் வாசிக்கிறார். 'ஃபிஷர்' என்ற மாணவனின் பெயர் வந்ததும் பில்லி தன்னை அறியாமல் 'ஜெர்மன் பைட்' என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறான். பிரிட்டிஷ் வானொலியில் கடல் வானிலை அறிக்கை வாசிக்கும்போது ஃபிஷர் என்ற கடற்பகுதிக்கு அடுத்து வருவது ஜெர்மன் பைட். அந்தப் பெயர்களின் ஓசை அவனுக்குப் பிடிக்கும். ஆசிரியர் தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக் கோபப்படுகிறார். ஒரு பள்ளி ஒரு பிள்ளையின் காதையும் நினைவாற்றலையும் எப்படிக் குற்றமாகப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சிறிய, துல்லியமான சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொரு இடம். ஆங்கில வகுப்பில் நம்ப முடியாத கட்டுக்கதை ஒன்று எழுதச் சொல்கிறார்கள். மற்ற பிள்ளைகள் என்ன எழுதியிருப்பார்களோ தெரியாது. பில்லி எழுதுகிறான்: காலையில் அம்மா படுக்கைக்கே சாப்பாடு கொண்டுவந்தார், மாடிப்படியில் கம்பளம் விரித்திருந்தது, ஜட் ராணுவத்துக்குப் போய்விட்டான், அப்பா திரும்பி வந்துவிட்டார், பள்ளியில் ஆசிரியர்கள் அன்பாகப் பேசினார்கள். எழுத்துப்பிழைகள் நிறைந்த அந்த ஒரு பக்கத்தை ஹைன்ஸ் எந்த விளக்கமும் இல்லாமல் அப்படியே வைத்துவிட்டு நகர்கிறார். ஒரு சாதாரண வீடுதான் அவனுக்குக் கட்டுக்கதை.

உடற்கல்வி ஆசிரியர் சக்டன் வரும் கால்பந்துக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். தன்னைப் பெரிய ஆட்டக்காரராக எண்ணிக்கொண்டு பிள்ளைகளை இடித்துத் தள்ளி, தானே நடுவராகவும் இருந்து, தோற்ற ஆத்திரத்தைக் குளிர்ந்த நீரில் பில்லியை நிறுத்தித் தீர்த்துக்கொள்கிறார். அந்தக் காட்சியை எழுதியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். தன் தொழிலின் மிக மோசமான முகத்தைத் தேடி எடுத்து, அதைச் சிரிப்பும் கொடுமையும் கலந்து எழுத அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

படத்தில் வந்தது, படத்தில் வராதது

'கெஸ்' 1968இல் பார்ன்ஸ்லியிலும் ஹாய்லாண்ட் காமனிலும் படமானது. பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி உள்ளூர் மாணவர். அப்போது பதினான்கு வயது. சக்டனாக நடித்த பிரையன் குளோவர் ஹைன்ஸோடு அதே ஊரில் ஆசிரியராக இருந்தவர், மல்யுத்த மேடையும் ஏறியவர். தலைமை ஆசிரியராக வருபவர் உண்மையிலேயே தலைமை ஆசிரியர். பறவைகளைப் பழக்கியவர் ரிச்சர்ட் ஹைன்ஸ். மூன்று கெஸ்ட்ரல்கள், அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செருப்புக்கடையின் பெயரைப் பிரித்து ஃப்ரீமன், ஹார்டி, வில்லிஸ் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கிறிஸ் மெங்கஸின் ஒளிப்பதிவு சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண்ணைப் போன்றது. நாவலின் உரைநடைக்கு அதுதான் பொருத்தம்.

பார்ன்ஸ்லி வட்டார வழக்கு பலருக்குப் புரியாது என்ற பயம் விநியோகஸ்தர்களுக்கு இருந்தது. திரையரங்குகளில் படம் முதலில் வடக்கில்தான் வெளியானது. அங்கே கூட்டம் வந்தது. 1999இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட தலைசிறந்த நூறு பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் 'கெஸ்' ஏழாம் இடம் பெற்றது.

படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இரண்டு இடங்களில் நாவலே மேல். ஒன்று, மேலே சொன்ன கட்டுக்கதைப் பக்கம். அது படத்தில் இல்லை. இரண்டாவது முடிவு. பந்தயத்தில் கட்டச் சொல்லி ஜட் கொடுத்த பணத்தைப் பில்லி செலவழித்துவிடுகிறான். ஜட் குறித்த இரண்டு குதிரைகளும் ஜெயித்துவிடுகின்றன. ஆத்திரத்தில் ஜட் பறவையைக் கொன்றுவிடுகிறான். படத்தில் பில்லி பறவையைப் புதைப்பதோடு முடிகிறது. நாவலில் அதற்கு முன் அவன் வீட்டைவிட்டு ஓடி, மூடிக்கிடக்கும் பழைய சினிமாக் கொட்டகைக்குள் நுழைகிறான். ஒரு காலத்தில் அப்பாவோடு வந்த இடம். இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவன் மனத்தில் ஒரு படம் ஓடுகிறது: கதாநாயகன் அவன், கெஸ் வானிலிருந்து ஜட்மேல் பாய்கிறது. ஆனால் அந்தப் பாய்ச்சல் நிறைவேறுவதில்லை. கற்பனையிலும் அவனால் ஜெயிக்க முடியவில்லை. அவன் எழுந்து வீட்டுக்குப் போய், பறவையைப் புதைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். சினிமா என்ன தரும், என்ன தராது என்று திரைக்கதை எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஹைன்ஸ் எழுதிவிட்ட பக்கங்கள் இவை. படமாக்கும்போது அவற்றை விட்டுவிட்டதன் காரணம் புரிகிறது. படத்தின் மற்ற பகுதிகளின் தரையோடு ஒட்டிய நடைக்கு அது பொருந்தாது. இழப்பு இழப்புதான்.

நிலமும் கரியும்

'கெஸ்' வந்த பிறகு ஹைன்ஸ் ஆசிரியப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். லண்டனுக்குக் குடிபெயரவில்லை. 1970களில் அவர் எழுதியவற்றில் இரண்டை முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலாவது 1975இல் வந்த 'தி கேம்கீப்பர்' நாவல். ஜார்ஜ் பர்ஸ் என்ற முன்னாள் எஃகு ஆலைத் தொழிலாளி ஆலையின் வெக்கையிலிருந்து தப்பி, ஒரு பிரபுவின் காட்டில் காவல்காரனாகச் சேர்கிறான். வேலை என்ன? ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகையின் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து, தீனி போட்டு, நரியிடமிருந்தும் நோயிலிருந்தும் காப்பாற்றி வளர்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் பிரபுவும் விருந்தாளிகளும் வந்து ஒரே நாளில் அவற்றைச் சுட்டுத் தள்ளுவார்கள். அதே காட்டில் முயல் பிடிக்க வருபவர்கள் ஜார்ஜின் பழைய தோழர்கள்; அவர்களைத் துரத்துவதும் அவன் வேலை. ஓர் ஆண்டின் பருவங்களைப் பின்பற்றி நாவல் போகிறது. யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. அவருடைய உரைநடையின் உச்சம் இதுதான் என்பது என் மதிப்பீடு. தொலைக்காட்சி அவரைத் தின்றுவிட்டது என்று சொல்பவர்கள் இந்த நாவலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. 'கெஸ்' வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, தொலைக்காட்சிக்கும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது இது. 1980இல் லோச் இதையும் படமாக்கினார்.

இரண்டாவது 'தி பிரைஸ் ஆஃப் கோல்'. 1977இல் பிபிசியின் 'பிளே ஃபார் டுடே' வரிசையில் இரண்டு வாரங்களில் இரண்டு நாடகங்களாக வந்தது. முதல் பாதி முழுக்க நகைச்சுவை: சுரங்கத்தைப் பார்க்க இளவரசர் சார்லஸ் வரப்போகிறார். நிர்வாகம் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறது, புல் பதிக்கிறது, இளவரசருக்கென்றே கழிப்பறை கட்டுகிறது. தொழிலாளர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் இரண்டாம் பாதி: அதே சுரங்கத்தில் வெடிவிபத்து. முதல் வாரம் நாம் யாரோடு சிரித்தோமோ அவர்கள் உள்ளே சிக்கிக்கொள்கிறார்கள். பாதுகாப்புக்கு இல்லாத பணமும் நேரமும் பெயின்டுக்கு எப்படி வந்தது என்று எந்தப் பாத்திரமும் நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரண்டு வாரங்களையும் பார்த்தவருக்குக் கணக்கு தானாகப் புரியும். மனமகிழ் மன்றங்களில் நிகழ்ச்சி நடத்தும் நகைச்சுவைக் கலைஞர்கள்தான் பல பாத்திரங்களில் நடித்தார்கள். பிரிட்டன் முழுவதும் எலிசபெத் ராணியின் வெள்ளிவிழாவைக் கொண்டாடிய ஆண்டில் இது ஒளிபரப்பானது. பிறகு இதை ஹைன்ஸ் நாவலாகவும் எழுதி 1979இல் வெளியிட்டார். இந்த முறை எழுத்து எதிர்த்திசையில் பயணம் செய்தது: திரையிலிருந்து புத்தகத்துக்கு.

1981இல் வந்த 'லுக்ஸ் அண்ட் ஸ்மைல்ஸ்' பள்ளி முடித்து வேலை கிடைக்காத ஷெஃபீல்டு இளைஞனின் கதை. நண்பன் ராணுவத்தில் சேர்ந்து பெல்ஃபாஸ்ட் போகிறான். இவன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறான். கருப்பு வெள்ளையில் எடுத்த படம்; கான் விழாவில் பரிசு பெற்றது. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பில்லி காஸ்பருக்குச் சுரங்கத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் பையனுக்குப் பிடிக்காமல் போவதற்குக்கூட ஒரு வேலை இல்லை.

சொல் செத்துப்போகும் படம்

'த்ரெட்ஸ்' 1984 செப்டம்பர் 23 அன்று பிபிசியின் இரண்டாவது அலைவரிசையில் ஒளிபரப்பானது. இயக்கியவர் மிக் ஜாக்சன். அறிவியல் நிகழ்ச்சிகளில் பழகியவர், அணு ஆயுதத் தாக்குதலின் விளைவுகளைப் பற்றி ஏற்கெனவே ஓர் ஆவணப்படம் எடுத்தவர். விஞ்ஞானத் தரவுகள் அவர் பக்கத்திலிருந்து வந்தன. மனிதர்கள் ஹைன்ஸின் பக்கத்திலிருந்து வந்தார்கள். அணுப்போர் வந்தால் உள்ளாட்சி அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்றுவிக்கும் ஈசிங்வோல்டு மையத்துக்கே ஹைன்ஸ் போய்ப் பார்த்தார். படத்தில் ஷெஃபீல்டு நகர மன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஓர் அவசரக் குழு உட்கார்ந்திருக்கும். தொலைபேசி வேலை செய்யாது, கோப்புகள் குழம்பும், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். மேலே கட்டடம் சரிந்து வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சாவார்கள். நிர்வாகம் என்பது எவ்வளவு மெல்லிய இழையில் நிற்கிறது என்று அந்தக் காட்சிகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் முந்தைய ஆண்டு வந்த 'தி டே ஆஃப்டர்' படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அதைவிட இது பல மடங்கு கடுமையானது. அதற்குக் காரணம் வெடிப்புக் காட்சிகள் என்று நான் நினைக்கவில்லை. முதல் முக்கால் மணி நேரம் ரூத், ஜிம்மி என்ற இளம் ஜோடியின் சாதாரண வாழ்க்கை ஓடுகிறது. அவள் கர்ப்பமாகிறாள், கல்யாணம் நிச்சயமாகிறது, புது வீட்டுச் சுவரிலிருந்து பழைய காகிதத்தை இருவரும் உரிக்கிறார்கள். போர்ச் செய்தி பின்னணியில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது; யாரும் முழுக் கவனம் செலுத்துவதில்லை. பார்ப்பவர் தன் வீட்டை அங்கே அடையாளம் கண்டுவிடுகிறார். பிறகு நடப்பதெல்லாம் அந்த வீட்டுக்கு நடக்கிறது. குண்டு விழுந்த பிறகு ஜிம்மி என்ன ஆனான் என்று படம் சொல்வதே இல்லை. ஓடுகிறான், அதற்கப்புறம் அவனைக் காணவில்லை.

கதை அதோடு நிற்காமல் பதின்மூன்று ஆண்டுகள் மேலே போகிறது. இங்கேதான் ஹைன்ஸ் என்ற எழுத்தாளரின் முத்திரையை நான் பார்க்கிறேன். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பேசும் மொழி சிதைந்து கிடக்கிறது; வினை இல்லை, இணைப்பு இல்லை, இரண்டு மூன்று சொற்களின் துண்டுகள். ஓர் அறையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பழைய கல்வி ஒளிநாடாவைப் போட்டுக் காட்டுகிறார்கள். சொற்களைச் சொல்லித் தரும் குரல் தேய்ந்த நாடாவிலிருந்து வருகிறது. வாழ்நாள் முழுவதும் யார்க்ஷயர் தொழிலாளர் பேச்சை, அதன் கிண்டலோடும் வேகத்தோடும் எழுதிக் காத்தவர் அவர். அந்தப் பேச்சு ஒரே தலைமுறையில் அழிந்துபோவதைத் தானே எழுதிக் காட்டினார். நகரங்கள் எரிவதைவிட அது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

'த்ரெட்ஸ்' பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவுக்கு ஏழு பரிந்துரைகளைப் பெற்று நான்கில் வென்றது. சிறந்த ஒற்றை நாடகத்துக்கான விருதும் அதில் அடக்கம். ஹிரோஷிமாவின் நாற்பதாம் ஆண்டையொட்டி 1985 ஆகஸ்டில் பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பியது. அதே வாரம், பீட்டர் வாட்கின்ஸ் எடுத்து 1965இல் பிபிசியே ஒளிபரப்ப மறுத்த 'தி வார் கேம்' முதன்முறையாகத் தொலைக்காட்சிக்கு வந்தது.

கதவுகள் மூடியபோது

'பிளே ஃபார் டுடே' 1970இல் தொடங்கி 1984இல் நின்றது. தொடராக நீளாமல் ஒரே இரவில் முடிந்துவிடும் நாடகம். ஓர் எழுத்தாளர் தன் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்த வாரமும் வருவார்களா என்ற கவலை அவருக்கு இல்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அந்த வடிவம் ஹைன்ஸுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அது போன பிறகு அவர் தொலைக்காட்சியை விடவில்லை. கால்பந்து வீரனைக் கடத்தும் இளைஞர்களைப் பற்றி 1990இல் 'ஷூட்டிங் ஸ்டார்ஸ்', உயர்நிலைக் கால்பந்து அணியில் இடம்பிடிக்கும் பெண்ணைப் பற்றி 1992இல் 'பார்ன் கிக்கிங்' எழுதினார். இரண்டும் பார்க்கலாம், பழைய வலு இல்லை.

இந்தக் காலத்தின் பெரிய குறை வேறு. 1984 மார்ச்சில் பார்ன்ஸ்லிக்கு அருகே உள்ள கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவித்ததும் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்துத் தோல்வியில் முடிந்தது. ஹைன்ஸின் சொந்த மண்ணில் அவருடைய தலைமுறை கண்ட மிகப்பெரிய நிகழ்வு அது. அதை எழுத அவரைவிடத் தகுதியானவர் பிரிட்டனில் யாரும் இல்லை. அவர் எழுதவும் செய்தார். வேலைநிறுத்தத்தைப் பற்றிய அவருடைய திரைக்கதைகள் படமாகவில்லை. பத்தாண்டுகள் கழித்து 1994இல்தான் அந்த விஷயம் 'தி ஹார்ட் ஆஃப் இட்' என்ற நாவலாக வெளியே வந்தது. அதன் நாயகன் 'கால்' என்ற பெயருடைய ஒரு திரைக்கதையாளன். பெரிய படங்களுக்கு எழுதிப் பணம் பார்த்தவன். நோயுற்ற அப்பாவைப் பார்க்க ஊருக்கு வருகிறான். அப்பா சுரங்கத் தொழிலாளி, இடதுசாரி, வேலைநிறுத்தத்தில் முன்னே நின்றவர். ஊரார் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுத்தான் தான் இல்லாத அந்த ஓராண்டை மகன் தெரிந்துகொள்கிறான். தன் வட்டாரத்தைவிட்டுப் போய்விடாத ஹைன்ஸ், போய்விட்ட ஒரு திரைக்கதையாளனைக் கற்பனை செய்து அவனிடம் கேள்வி கேட்கிறார். உனக்குக் கிடைத்த மேடையில் நீ யாருடைய கதையைச் சொன்னாய் என்ற கேள்வி நாவல் முழுவதும் அந்த மகனைத் துரத்துகிறது.

1998இல் 'எல்விஸ் ஓவர் இங்கிலாண்ட்' அவருடைய கடைசி நாவலாக வந்தது. பின்னர் ஆல்சைமர் நோய் அவரைப் பிடித்தது. 2016 மார்ச் 18 அன்று காலமானார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் படமாகாத திரைக்கதைகளும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஹைன்ஸை மதிப்பிட நினைப்பவர் அங்கே இருப்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். படமானவற்றை மட்டும் எண்ணினால், தயாரிப்பு நிறுவனங்கள் எவற்றுக்குச் சம்மதித்தன என்பதுதான் தெரியும். அவர் எவற்றை எழுதினார் என்பது தெரியாது.

தம்பி ரிச்சர்ட் தான் பறவை பழக்கிய நாட்களைப் பற்றி எழுதிய 'நோ வே பட் ஜென்டில்னஸ்' நூலும் 2016இல்தான் வெளிவந்தது. பதினொரு வயதுத் தேர்வில் தேறாதவர் எழுதிய அந்தப் புத்தகத்தை நாவலின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அண்ணன் கற்பனையாக எழுதியதன் மறுபக்கம் முழுவதும் அதில் இருக்கிறது. 'தி கேம்கீப்பர்' நாவலை ஷெஃபீல்டிலிருந்தே இயங்கும் அண்ட் அதர் ஸ்டோரீஸ் பதிப்பகம் 2022இல் மறுபடி வெளியிட்டது. படத்தின் வழியாக மட்டும் ஹைன்ஸை அறிந்தவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். அதன் பிறகு 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்' நாவலுக்கு வந்தால், பில்லி எழுதிய அந்தக் கட்டுக்கதைப் பக்கத்தை அவசரப்படாமல் படியுங்கள்.